அணுவைவிடச் சிறிய அசைவு



சென்ற மாத வாலிபர் கூடுகையில் காதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "சத்தம் பட்டதும் செவிப்பறை அதிர்கிறது" என்று சொன்னதும், பதினொன்றாம் வகுப்புத் தம்பி ஒருவர் கையைத் தூக்கினார். "அக்கா, அது எவ்வளவு தூரம் அசையும்? அதை யாராவது அளந்து பார்த்திருக்காங்களா?" என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். பாடப்புத்தகத்தில் 'அதிர்கிறது' என்ற ஒரு சொல்லோடு நாம் எல்லாரும் கடந்து போய்விடுகிறோம். எவ்வளவு, எப்படித் தெரியும் என்று கேட்பதில்லை. ஆகவே இந்த மாதம் நம் பக்கம் முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான். படித்து முடிக்கும்போது, நம் வீடுகளில் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பது உங்களுக்கே புரியும்.

முதலில் சத்தம் என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். பாடகர் குழுவில் ஒருவர் பாடும்போது, அவருடைய குரல் காற்றை நெருக்கியும் தளர்த்தியும் அலையாகப் போகிறது. காற்றழுத்தம் ஒரு மயிரிழை கூடுகிறது, உடனே ஒரு மயிரிழை குறைகிறது. இது விநாடிக்குப் பல நூறு முறை நடக்கிறது. நல்ல காதுள்ள ஓர் இளைஞர் கேட்கக்கூடிய மிக மெல்லிய சத்தத்தின் அழுத்தம் ஒரு பாஸ்கலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கும் மேல். அதாவது, காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 500 கோடியில் ஒரு பங்கு கூடிக் குறைந்தாலே நம் காது அதைக் கண்டுகொள்கிறது.

அந்த அலை காதுத் துளை வழியாகப் போய்ச் செவிப்பறையில் படுகிறது. செவிப்பறை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டமும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்பும் உள்ள மெல்லிய சவ்வு. அதன் உட்புறத்தில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சிறு எலும்புகள் கைகோத்து நிற்கின்றன. அங்கவடி எலும்புதான் நம் உடம்பிலேயே மிகச் சிறியது. அரிசியில் பாதி அளவுதான் இருக்கும். அது உட்செவியின் வாசலைத் தட்டுகிறது. உள்ளே நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் திரவம் அசைகிறது. அங்கே வரிசையாக நிற்கும் மயிர்ச்செல்கள் அந்த அசைவை மின் சைகையாக்கி நரம்புக்குக் கொடுக்கின்றன. பிறகுதான் மூளைக்கு 'அம்மா கூப்பிடுகிறார்' என்று தெரிகிறது.

இனி தம்பியின் கேள்விக்கு வருவோம். நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும்போது செவிப்பறை சில நானோமீட்டர் அளவுதான் அசைகிறது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் பருமனே சுமார் 80,000 நானோமீட்டர் இருக்கும். மிக மெல்லிய சத்தத்தைக் கேட்கும்போதோ செவிப்பறையின் அசைவு ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. அணுவைவிடச் சிறிய அசைவை நம் உடம்பு உணர்கிறது என்று சொன்னால் நம்பக் கடினமாகத்தான் இருக்கிறது. அப்படியானால் அதை எந்த அளவுகோலால் அளந்தார்கள்?

நுண்ணோக்கி போதவில்லை

இந்த வேலையை முதலில் பெரிய அளவில் செய்தவர் ஹங்கேரி நாட்டுக்காரரான கியார்க் ஃபான் பெக்கெசி. இறந்தவர்களின் உட்செவியை எடுத்து, அதற்குள் ஒலியைச் செலுத்தி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின் கீழ் நுண்ணோக்கியால் பார்த்தார். காக்ளியாவின் உள்ளே இருக்கும் அடிச்சவ்வில் ஓர் அலை ஓடுவதையும், கீச்சென்ற ஒலிக்கு வாசலுக்கு அருகிலும், தடித்த ஒலிக்கு உள்கோடியிலும் அது உயர்ந்து எழுவதையும் கண்டார். அதற்காக 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்த முறைக்கு ஓர் எல்லை இருந்தது. நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சவ்வு அசையவேண்டுமானால், உயிருள்ள எந்தக் காதும் தாங்காத பெருஞ்சத்தத்தைச் செலுத்தவேண்டும். காதும் உயிரற்ற காது. நாம் தினமும் கேட்கும் மெல்லிய சத்தத்துக்கு, உயிருள்ள காது எப்படி அசைகிறது என்பதை அதனால் சொல்ல முடியவில்லை. தொடாமல், எடை ஏற்றாமல், நானோமீட்டர் அளவில் அளக்க வேறு அளவுகோல் வேண்டியிருந்தது. அந்த அளவுகோல் ஒளிதான்.

ஒளியை அளவுகோலாக்கினால்

நம் வாலிபர்களில் கிட்டார் வாசிப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். இரண்டு கம்பிகளை ஒரே சுருதிக்குக் கொண்டுவரும்போது என்ன கேட்கிறோம்? சுருதி கொஞ்சம் விலகி இருந்தால் 'ஊங்… ஊங்… ஊங்' என்று சத்தம் ஏறி இறங்குகிறது. இரண்டு அலைகளும் ஒரு நேரம் சேர்ந்து உயர்கின்றன, மறு நேரம் ஒன்றை ஒன்று அடக்கிவிடுகின்றன. ஒரு கம்பி விநாடிக்கு 220 முறையும் மற்றது 222 முறையும் அதிர்ந்தால், அந்த ஏற்ற இறக்கம் விநாடிக்கு இரண்டு முறை கேட்கும். 220க்கும் 222க்கும் உள்ள வித்தியாசத்தைத் தனித்தனியாகக் கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. சேர்த்துக் கேட்டால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒளியும் அலைதான். ஒரே ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அசையாத கண்ணாடிக்கும், மற்றொன்றை அசையும் பொருளுக்கும் அனுப்பித் திரும்ப ஒன்றுசேர்த்தால், அவை சேரும் இடத்தில் வெளிச்சமும் இருளும் மாறி மாறி வரும். இதற்குக் குறுக்கீட்டு விளைவு என்று பெயர். இதைக்கொண்டு அளக்கும் கருவிதான் இன்டர்ஃபெரோமீட்டர். ஆல்பர்ட் மைக்கேல்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1881இல் இதை அமைத்தார். 1907இல் நோபல் பரிசு பெற்றார்.

ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளியை எடுத்துக்கொள்வோம். அதன் அலைநீளம் 632.8 நானோமீட்டர். பொருள் அதில் பாதி, அதாவது 316 நானோமீட்டர் நகர்ந்தாலே, ஒளி போக ஒரு பாதி, வர ஒரு பாதி என்று பாதை ஒரு முழு அலைநீளம் மாறிவிடும். வெளிச்சம் ஒருமுறை அணைந்து மறுபடி எரியும். ஒரு தலைமுடியின் பருமன் அளவு நகர்ந்தால் இப்படி 250 முறை எரிந்து அணையும். முழுதாக அணையவேண்டும் என்றுகூட இல்லை. வெளிச்சம் எவ்வளவு மங்கியது என்பதை மின்னணுக் கருவியால் நுணுக்கமாக அளந்தால், ஒரு நானோமீட்டருக்கும் கீழே போய்விடலாம்.

இதே முறையில் வேகத்தையும் அளக்கலாம். ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் சுருதி கூடியும், கடந்துபோனதும் குறைந்தும் கேட்கிறது அல்லவா? அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் அப்படியே சுருதி மாறுகிறது. சிவப்பு லேசர் விநாடிக்குச் சுமார் 474 லட்சம் கோடி முறை அதிர்கிறது. பொருள் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், திரும்பி வரும் ஒளியில் மாற்றம் வெறும் 3,160 அதிர்வுகள்தான். தனியாகப் பார்த்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் புறப்பட்ட ஒளியோடு சேர்த்தால், கிட்டார் கம்பியில் கேட்டதுபோலவே விநாடிக்கு 3,160 ஏற்ற இறக்கங்கள் பளிச்சென்று தெரியும். இப்படி அளக்கும் கருவிக்கு லேசர் டாப்ளர் வைப்ரோமீட்டர் என்று பெயர்.

இதற்கெல்லாம் ஒரே நிறத்தில், சீராக, விட்டுவிடாமல் எரியும் ஒளி தேவை. அதைத் தந்தது 1960 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதன்முதலாக எரிந்த ஹீலியம்-நியான் லேசர். அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அலி ஜவான். இந்த வளைகுடாவின் அக்கரையில் உள்ள ஈரானில், டெஹ்ரான் நகரில் பிறந்தவர்.

எட்டே ஆண்டுகளில் இந்த லேசர் காதுக்குள் வந்துவிட்டது. 1968இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூர்கன் டான்டார்ஃப், ஷியாம் கன்னா என்ற இருவரும், பூனையின் செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்பதை லேசர் இன்டர்ஃபெரோமீட்டரால் அளந்து வெளியிட்டார்கள். நுண்ணோக்கிக்கு எட்டாத அசைவுகள் அவை. தம்பி, "யாராவது அளந்து பார்த்திருக்காங்களா" என்று கேட்டீர்களே, அளந்தவர்கள் இவர்கள்தான். 1982இல் ஷியாம் கன்னா, லெனார்ட் என்பவருடன் சேர்ந்து, இன்னும் உள்ளே போய்க் காக்ளியாவின் அடிச்சவ்வையே லேசரால் அளந்தார்.

இப்போது இந்த அளவீடு மனிதர்களுக்கும் நடக்கிறது. விழித்திருக்கும் நோயாளியின் காதுத் துளை வழியாக, வலியில்லாமல், மிகக் குறைந்த சக்தியுள்ள லேசரைச் செவிப்பறையில் படவிட்டு அதன் அசைவை அளக்கிறார்கள். அங்கவடி எலும்பு இறுகிப்போனதா, எலும்புகளின் இணைப்பு விட்டுப்போனதா என்பதை அறுவைச் சிகிச்சைக்கு முன்பே பிரித்தறிய இது உதவுகிறது. இது இன்னும் பெரும்பாலும் ஆய்வு மருத்துவமனைகளில் உள்ள வசதிதான். உங்கள் ஊர் கிளினிக்கில் கேட்டால் கிடைக்காது.

காதே சத்தம் போடுகிறது

லேசர் அளவீடுகள் சொன்ன பெரிய செய்தி இதுதான்: உயிருள்ள காது, உயிரற்ற காதைப்போல நடந்துகொள்வதில்லை. மெல்லிய சத்தம் வரும்போது அடிச்சவ்வின் அசைவை உட்செவி தானே பெரிதாக்குகிறது. பெருஞ்சத்தம் வரும்போது அப்படிப் பெரிதாக்குவதில்லை. இந்த வேலையைச் செய்பவை வெளி மயிர்ச்செல்கள். ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 12,000 இருக்கின்றன. ஒலிக்கு ஏற்ப அவை நீண்டும் சுருங்கியும், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவதுபோலச் சவ்வைத் தள்ளிவிடுகின்றன. உயிர் போனதும் அந்தத் தள்ளுதல் நின்றுவிடுகிறது. பெக்கெசியால் அதைப் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

காது இப்படித் தானே உழைக்கிறது என்பதைத் தாமஸ் கோல்டு என்பவர் 1948லேயே ஊகித்துச் சொன்னார். அப்போது பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1978இல், லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் காதுக்குள் ஒரு சிறு ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்து, 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். சில மில்லிவிநாடிகள் கழித்துக் காதிலிருந்து மிக மெல்லிய ஒரு சத்தம் திரும்ப வந்தது. வெறும் எதிரொலி அல்ல அது. வெளி மயிர்ச்செல்கள் உழைப்பதால் எழும் சத்தம் சவ்வு, எலும்பு, செவிப்பறை என்று வந்த வழியே திரும்பி, செவிப்பறையை உள்ளிருந்து அசைத்து வெளியே வருகிறது. நல்ல காதுகளில் அது வந்தது. உட்செவி கெட்ட காதுகளில் வரவில்லை.

இந்தக் கண்டுபிடிப்புதான் இன்று எங்கள் பிரசவ வார்டில் தினமும் நடக்கும் வேலை.

இரண்டு நாள் குழந்தைக்குப் பரீட்சை

அமீரகத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குச் செய்யும் பரிசோதனைகளில் செவித்திறன் பரிசோதனையும் ஒன்று. குழந்தை பால் குடித்துத் தூங்கும்போது, பஞ்சுபோன்ற சிறிய முனையைக் காதில் வைக்கிறோம். கருவி 'டிக் டிக்' என்று ஒலி கொடுத்து, காது திருப்பித் தரும் ஒலியைக் கேட்கிறது. இங்கே லேசர் இல்லை, மைக்தான். சில நிமிடங்களில் முடிந்துவிடும். திரையில் 'பாஸ்' அல்லது 'ரெஃபர்' என்று வரும். 'ரெஃபர்' என்றால் குழந்தைக்குக் காது கேட்காது என்று அர்த்தமில்லை. பிறந்த குழந்தையின் காதில் நீரோ அழுக்கோ இருந்தாலும் அப்படி வரும். மறுபடி பார்க்கவேண்டும் என்பது மட்டுமே அதன் பொருள். பெரும்பாலான குழந்தைகள் மறுபரிசோதனையில் பாஸ் ஆகிவிடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வார்டில் ஒரு தமிழ்க் குடும்பம். ஆண் குழந்தை, முதல் பிள்ளை. இரண்டு காதிலும் 'ரெஃபர்'. இரண்டு வாரம் கழித்து வரச்சொன்னோம். வந்தார்கள், மறுபடியும் 'ரெஃபர்'. மூளைக்குப் போகும் மின் சைகையை அளக்கும் அடுத்த பரிசோதனைக்கு நாள் குறித்தோம். அதற்குள் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தார்கள். ஊரிலிருந்த ஆச்சி வீடியோ காலில் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது: "இவன் அப்பனும் மூணு வயசுலதான்மா பேசினான். கதவை அடிச்சா பிள்ள திடுக்கிடுதுன்னு நீயே சொன்னியே. ஒண்ணும் இருக்காது." அந்தத் தாய் எங்களைப் பார்த்து, "சிஸ்டர், ஊர்ல போய்ப் பார்த்துக்கலாமா?" என்று கேட்டார்.

ஆச்சி சொன்னதில் அன்பு இருந்தது. ஆனால் கதவுச் சத்தம் நல்ல அத்தாட்சி அல்ல. கதவை ஓங்கி அடித்தால் தரையும் கட்டிலும் அதிர்கின்றன. குழந்தை அதை உடம்பால் உணர்கிறது. காற்று முகத்தில் படுகிறது. அதோடு, ஓரளவு கேட்கும் குழந்தைக்குப் பெருஞ்சத்தம் கேட்கும், பேச்சு கேட்காது. பேச்சில் உள்ள 'ச', 'த', 'ப' போன்ற எழுத்துகளின் ஒலி மிக மெல்லியது. செவிப்பறையைச் சில நானோமீட்டரே அசைக்கும் சத்தம் அது. தட்டைத் தட்டிப் பார்த்தும் கையைத் தட்டிப் பார்த்தும் அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அதற்குத்தான் கருவி. இதைத்தான் அவர்களிடம் உட்கார்ந்து விளக்கினோம். தகப்பனார் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார்.

பரிசோதனையில் இரண்டு காதிலும் கடுமையான செவித்திறன் குறைவு இருப்பது தெரிந்தது. அந்தத் தாய் அழுதார். நாங்களும் பக்கத்தில் இருந்தோம், வேறு என்ன செய்ய முடியும்? நான்கு மாதத்தில் குழந்தைக்குக் காது கேட்கும் கருவி பொருத்தினார்கள். அது முழுப் பலன் தராததால் பிறகு காக்ளியர் இம்பிளான்ட் அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டு ஆண்டுகள் பேச்சுப் பயிற்சிக்கு வாரம் தவறாமல் அலைந்தார்கள். செலவும் அலைச்சலும் கொஞ்சமல்ல. இன்று அந்தப் பிள்ளை எல்லாப் பிள்ளைகளோடும் கே.ஜி. வகுப்பில் இருக்கிறான். தமிழும் பேசுகிறான், ஆங்கிலமும் பேசுகிறான். ஆச்சியிடம் போனில் அதிகம் பேசுபவனும் அவன்தானாம்.

ஏன் இந்த அவசரம்? மூளை பேச்சைக் கற்றுக்கொள்ளும் காலம் பிறந்த நாளிலிருந்தே தொடங்கிவிடுகிறது. அந்த மாதங்களில் ஒலி போகாவிட்டால், பிறகு கொடுக்கும் ஒலியைப் பேச்சாகப் பிரித்தறிய மூளை திணறும். ஆகவே மருத்துவ உலகம் 1-3-6 என்ற கணக்கைப் பின்பற்றுகிறது. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு நிரந்தரச் செவித்திறன் குறைவு இருக்கிறது.

இங்கே நம் குடும்பங்களுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. பிரசவத்துக்குப் பலர் ஊருக்குப் போய்விடுகிறோம். சிறிய மருத்துவமனையில் பிறக்கும் குழந்தை, இந்தப் பரிசோதனை இல்லாமலேயே வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்று, நான்கு மாதத்தில் பாஸ்போர்ட், விசா வந்ததும் இங்கே கூட்டிவருகிறோம். ஊரில் இங்கே பார்ப்பார்கள் என்று நினைத்தார்கள், இங்கே ஊரில் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஆறு மாதம் போய்விடும். ஆகவே பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: "பிள்ளைக்குக் காது டெஸ்ட் இங்கே பண்ணுவீங்களா? ரிசல்ட்டை எழுதித் தருவீங்களா?" அங்கே இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பங்களின் சிறு குழந்தைகளுக்கு, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே காக்ளியர் இம்பிளான்ட் செய்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் இருந்த குழந்தை, மஞ்சள் காமாலை மிகவும் கூடிய குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை, நெருங்கிய உறவில் மணம்செய்தவர்களின் குழந்தை, வீட்டில் வேறு யாருக்காவது சிறுவயதிலிருந்தே காது கேட்காத குழந்தை ஆகியோருக்கு ஒருமுறை பாஸ் வந்தாலும், பிறகும் கவனிக்கவேண்டும். காதின் செல்கள் நன்றாக இருந்து நரம்பில் குறை இருந்தால், முதல் பரிசோதனை பாஸ் காட்டிவிடும். அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவுக் குழந்தைகளுக்கு நரம்பின் சைகையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள காது

பள்ளியில் இயற்பியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இன்னும் கொஞ்சம். செவிப்பறையை அளந்த அதே முறையைப் பெரிதாக்கினால் எவ்வளவு தூரம் போகலாம்? அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் என்ற இரண்டு இடங்களில் லைகோ என்ற நிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 'L' வடிவில், ஒவ்வொரு கையும் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள லேசர் இன்டர்ஃபெரோமீட்டர். 2015 செப்டம்பர் 14 அன்று, ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானதால் எழுந்த ஈர்ப்பலையை இரண்டும் பதிவுசெய்தன. அப்போது நான்கு கிலோமீட்டர் நீளத்தில் ஏற்பட்ட மாற்றம், ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்குதான். அந்த அதிர்வு சுமார் 35இல் தொடங்கி விநாடிக்கு 250 முறை வரை ஏறியது. நம் காது கேட்கும் வரம்புக்குள் வருகிற எண்கள் அவை. ஆகவே விஞ்ஞானிகள் அதை ஒலியாக மாற்றிக் கேட்டும் பார்த்தார்கள். ரெய்னர் வெய்ஸ், பேரி பேரிஷ், கிப் தோர்ன் மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இவ்வளவு நுணுக்கமான கருவிக்கு எல்லாச் சத்தமும் தொந்தரவுதான். தூரத்து ரயில், கடல் அலை, லாரி எல்லாம் அதில் பதிவாகும். ஹான்ஃபோர்டில் ஒருமுறை விளங்காத அதிர்வு வந்துகொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால், தாகத்தோடு வந்த அண்டங்காக்கைகள் குளிர்க் குழாயின்மேல் படிந்த பனிக்கட்டியைக் கொத்திக்கொண்டிருந்தனவாம்!

இதே போன்ற நிலையம் இந்தியாவிலும் வருகிறது. மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையும் லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. சென்னைக்கு அருகே சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனமும், சென்னை ஐ.ஐ.டி.யும் இந்த ஆய்வில் பங்குபெறுகின்றன. இயற்பியல் படித்தால் என்ன வேலை என்று கேட்கும் பெற்றோருக்கு இதையும் சொல்லலாம்.

உங்கள் காதுக்கு வருவோம்

இத்தனை நுணுக்கமாக உழைக்கும் மயிர்ச்செல்கள் பிறக்கும்போது கிடைத்தவை மட்டுமே. தோல் போலவோ முடி போலவோ அவை திரும்ப முளைப்பதில்லை. அணுவைவிடச் சிறிய அசைவுக்காக அமைந்தவற்றை, நாம் இயர்பட்ஸ் வைத்து மணிக்கணக்கில் உலுக்கினால் அவை தாங்குமா? உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபெல் அளவில் 40 மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. சத்தம் மூன்று டெசிபெல் கூடினால் நேரத்தைப் பாதியாக்கவேண்டும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. பஸ்ஸிலும் மெட்ரோவிலும் வெளிச்சத்தத்தை மறைக்க வால்யூமைக் கூட்டுவதுதான் நம் பழக்கம். முழு வால்யூமில் 60 சதவீதத்தைத் தாண்டவேண்டாம். பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் தம்பிகள் காதடைப்பான் போட்டு வாசியுங்கள்.

நம் சபையில் கட்டுமானத் தளங்களிலும், ஜெனரேட்டர் அறைகளிலும், கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் அண்ணன்மார் பலர். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசவேண்டியிருந்தால், அந்த இடத்தின் சத்தம் காதுக்கு ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி தரும் காதடைப்பானைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள், காதில் வையுங்கள். வேலை முடிந்து அறைக்கு வந்த பிறகும் காதில் 'ஙொய்' என்று கேட்டால், அது மயிர்ச்செல்கள் தரும் எச்சரிக்கை. ஒருமுறை ஆடியோமெட்ரி பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இந்த மாதத்துக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் வீட்டிலோ உறவிலோ ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை இருந்தால், அதன் டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பாருங்கள். காது பரிசோதனை முடிவு அதில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே மருத்துவரைக் கேளுங்கள். 'ரெஃபர்' என்று இருந்து மறுபடி போகாமல் விட்டிருந்தால், நாளைக்கே போன் செய்து நேரம் வாங்குங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், ஆராதனை முடிந்ததும் எங்களிடம் வந்து கேளுங்கள்.

அடுத்த இதழில், கோடையில் ஊருக்குப் போகும்போது மருந்துப் பையில் என்னென்ன இருக்கவேண்டும் என்று பார்ப்போம். கேள்விகளை எழுதி அனுப்புங்கள். கைதூக்கிக் கேட்ட அந்தத் தம்பிக்கு நன்றி.